பஜ்ஜி சரி, சட்னி?

"எண்ணெய்ல இருந்து நேரா எடுத்துக் குடுங்கம்மா. சட்னி வேணாம்."

டாக்டர் இப்படிக் கேட்டதும் கடைக்கார அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா? மத்தியானந்தான் அரைச்சேன். கெட்டுப் போகல, மோந்து பாருங்க." டாக்டர் சிரித்துக்கொண்டே, "எனக்குத் தேங்கா ஒத்துக்காதும்மா" என்று சமாளித்தார். அது பொய். அவர் வீட்டில் தேங்காய்ச் சட்னி சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ப்பக்க மணல். சாயங்காலக் கூட்டம் இறங்க ஆரம்பித்த நேரம். டாக்டர், மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மருந்துக்கு அடங்காத கிருமிகள் தெருச் சாப்பாட்டில் எப்படி வந்து சேர்கின்றன என்று நேரில் காட்டச் சொல்லி அவரைப் பல மாதங்களாக நச்சரித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிபந்தனையோடு வந்தார்: அவர் பெயரும் வரக்கூடாது, எந்தக் கடையும் அடையாளம் தெரியக்கூடாது.

நான் அவரைப் போல நாசூக்குப் பார்க்காமல் கடையைச் சுற்றி வந்தேன். அடுப்பில் கடாய். எண்ணெயின் சூடு 180 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். 70 டிகிரியைத் தொட்டாலே ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற குடல் கிருமிகள் பிழைக்காது. இதில்தான் பலருக்கும் குழப்பம். ஆன்டிபயாடிக்குக்குச் சாகாத கிருமி என்றால் நெருப்புக்கும் சாகாது என்று நினைத்துக்கொள்கிறோம். "பத்து மருந்துக்குத் தண்ணி காட்டுற ஈ.கோலையும் கொதிக்கிற தண்ணியில செத்துடும்" என்றார் டாக்டர், மிளகாய் பஜ்ஜியை ஊதிக்கொண்டே. மருந்தை முறிக்கும் திறமை வேறு, சூட்டைத் தாங்கும் திறமை வேறு. முதலாவது இருப்பதால் இரண்டாவது வந்துவிடாது.

அப்படியானால் அடுப்பை விட்டு இறங்கிய பிறகு உணவின் மேல் என்னென்ன விழுகிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கடையில் நான் பார்த்தவை: மூடியில்லாத பிளாஸ்டிக் வாளியில் சட்னி, நறுக்கி வைத்த வெங்காயம், காசு வாங்கிய கையாலேயே அள்ளிப் போடும் கொத்தமல்லி, தட்டு கழுவ இரண்டு பக்கெட். முதல் பக்கெட்டில் முக்கி இரண்டாவதில் அலசுகிறார்கள். இரண்டாவது பக்கெட்டின் தண்ணீரும் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. அதே தண்ணீரில்தான் அவ்வப்போது கையையும் நனைத்துக்கொள்கிறார்கள். பல கடைகளில் தட்டின் மேல் ஒரு தாளைப் போட்டுப் பரிமாறுவார்களே, அது தட்டுக் கழுவும் தண்ணீரை மிச்சம் பிடிக்கக் கண்டுபிடித்த வழி. சுகாதாரக் கண்ணோடு பார்த்தால் அந்தப் பக்கெட்டைவிட அந்தத் தாள் மேல்.

"தண்ணி எங்கேருந்துக்கா?" என்று கேட்டேன்.

"வூட்லருந்துதான் எடுத்தாரேன். ரெண்டு டிரம்முக்கு மேல வச்சா ஆட்டோக்காரரு தனியா கேக்குறாரு."

இரண்டு டிரம். அதில் மாவு கரைக்கணும், கை கழுவணும், ராத்திரி பத்து மணி வரைக்கும் தட்டு கழுவணும்.

சட்னிக்கு வருகிறேன். தேங்காய்ச் சட்னியில் புளிப்புக் குறைவு, ஈரம் அதிகம், மெரினாவின் வெக்கை வேறு. கிருமிக்கு இதைவிடச் சொகுசு வேண்டாம். வசதி அமைந்தால் ஈ.கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். 2 மணிக்கு அரைத்த சட்னியில் ஒன்றே ஒன்று விழுந்திருந்தாலும் கணக்குப்படி 6 மணிக்கு 4,096. நிஜத்தில் ஒன்று மட்டும் விழுவதில்லை. இத்தனை பெருகியும் சட்னி புளித்துப்போய்விடாது, நாற்றமும் வராது. அந்த அம்மா மோந்து பார்க்கச் சொன்னது நியாயமான பரிசோதனைதான். இந்த விஷயத்தில் மூக்கு உதவாது, அவ்வளவே.

சுண்டல் தூக்கோடு ஓடிய பையனை டாக்டர் நிறுத்தினார். மூடியைத் திறக்கச் சொல்லி ஆவி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. பட்டாணி அவித்ததுதான், ஆனால் மாங்காயும் தேங்காயும் பச்சையாகக் கலந்தது, கலந்த கையும் வெறுங்கை. பத்து ரூபாய் கொடுத்துச் சுண்டல் வாங்காமல் அனுப்பினார். பையன் காசைத் திருப்பிக் கொடுக்க வந்தான்.

பானி பூரி வண்டியில் எனக்கு ஒரு திகைப்பு. அண்ணா என்று கூப்பிட்டுப் பேசிய பீகார் இளைஞர், பானிக்குக் கேன் தண்ணீர்தான் ஊற்றுவதாகச் சொல்லி வண்டிக்கு அடியிலிருந்த 20 லிட்டர் கேனை இழுத்துக் காட்டினார். சீல் உடைத்த மூடியும் பக்கத்திலேயே கிடந்தது. புளி, எலுமிச்சை, புதினா அரைத்த பச்சைத் தண்ணீர். புளிப்பு கிருமியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும், ஆனால் சில குடல் கிருமிகள் மணிக்கணக்கில் புளிப்பைத் தாங்கிக்கொண்டு உயிரோடு இருக்கும் என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் அந்த இளைஞர் ஒரு கோணிச் சாக்கை விரித்தார். உள்ளே பனிக்கட்டிப் பாளம். உமியும் மண்ணும் ஒட்டியிருந்ததைக் கையால் தட்டிவிட்டு, உடைத்து, பானிக்குள் போட்டார். மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. கேன் தண்ணீருக்குக் கொடுத்த காசு அந்த நொடியில் போயிற்று.

மீனைக் கெடாமல் வைக்க உற்பத்தியாகும் பனிக்கட்டி எப்போதும் குடிநீரால்தான் செய்யப்படும் என்று சொல்ல முடியாது. தின்பதற்கல்லாத பனிக்கட்டியில் நீல நிறம் சேர்த்து அடையாளம் காட்ட வேண்டும் என்று 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. இந்தப் பாளம் வெள்ளை. அது எந்த ஆலையிலிருந்து வந்தது என்று அந்த இளைஞருக்கும் தெரியவில்லை. சைக்கிளில் கொண்டுவந்து போடுகிறார்களாம். சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் விவேகானந்தர் இல்லத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்று பெயர் வந்த கதையும் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் ஏரிகளில் உறைந்த பனியை வெட்டி, கப்பலேற்றி, மெட்ராஸில் விற்ற ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி 1840-களில் கட்டிய கிடங்கு அது. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தங்கள் கோப்பையில் விழும் பனிக்கட்டி அமெரிக்க ஏரிகளிலிருந்து வந்தது என்றாவது தெரிந்து வைத்திருந்தார்கள்.

அன்று காலை ஓர் ஆய்வகத்தில் பார்த்ததை இங்கே சொல்லியாக வேண்டும். டாக்டரின் பழைய மாணவி ஒருவர் அங்கே பொறுப்பில் இருக்கிறார். உள்ளே நுழைந்ததும் ஈ.கோலை வளர்த்த இடங்களுக்கே உரிய மக்கின வாடை. மேசையில் இரண்டு பெட்ரி தட்டுகள். வைக்கோல் நிறத்தில் உறைந்த அகார், அதன் மேல் பாசி படர்ந்தாற்போலக் கிருமி, நடுநடுவே மருந்து தோய்த்த பொட்டளவு வெள்ளைத் தாள் வட்டுகள். முதல் தட்டில் இருந்தது ஏ.டி.சி.சி 25922 என்ற எண் கொண்ட ஈ.கோலை, உலகமெங்கும் ஆய்வகங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் சாது வகை. ஒவ்வொரு வட்டைச் சுற்றியும் கிருமி வளராத தெளிந்த வளையம். அடுத்த தட்டு, சிறுநீர்த் தொற்றோடு வந்த ஒருவரிடமிருந்து எடுத்தது. ஆம்பிசிலின், செஃபோடாக்சிம், சிப்ரோஃப்ளோக்சசின் வட்டுகளின் விளிம்பு வரை கிருமி படர்ந்திருந்தது. மெரோபெனெம் வட்டைச் சுற்றி மட்டும் வளையம் இருந்தது. "இது ஈ.எஸ்.பி.எல் சார். இப்ப தினமும் பாக்கறோம்" என்று என்னிடம் சொன்னார் மாணவி. செஃபோடாக்சிம் போன்ற மருந்துகளை வெட்டிப்போடும் நொதியைச் சுரக்கும் கிருமிகளுக்கு அந்தப் பெயர்.

நான் முதல்நாளே ஒரு கையேந்தி பவனில் வாங்கிய சட்னியைச் சின்னக் குப்பியில் கொண்டுபோயிருந்தேன். அதையும் ஒரு தட்டில் தேய்த்துப் பார்த்தால் கட்டுரைக்குச் சுவை கூடும் என்று எண்ணம். டாக்டர் குப்பியை வாங்கி நேராகக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டார்.

"ஒரு குப்பியில ஒண்ணும் தெரியாது. வளரும்; வளரலன்னாதான் ஆச்சரியம். வளர்ந்தா என்ன எழுதுவீங்க? 'சட்னியில் சூப்பர் கிருமி'ன்னு தலைப்பு. அந்த வண்டிக்காரன் பொழப்பு போயிடும். நீங்களே ஆஸ்பத்திரி சாக்கடையில ஒரு குப்பி எடுத்தா உங்க பத்திரிகை போடுமா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

அவர் சொல்ல வந்தது இதுதான். தெருச் சாப்பாட்டால் வருவது இரண்டு வேறு வேறு தொல்லைகள். ஒன்று, இன்று தின்று நாளை வயிறு கலக்குவது. அது உடனே தெரிந்துவிடும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாகவே நின்றுவிடும். மற்றது சத்தமே போடாது. மருந்துக்கு அடங்காத ஈ.கோலை ஒன்று சட்னியோடு உள்ளே போய், எந்த உபத்திரவமும் செய்யாமல் குடலில் குடியேறிவிடும். பிற்பாடு சிறுநீர்த் தொற்றோ, அறுவை சிகிச்சையோ, பிரசவமோ வரும்போதுதான் அது தலை காட்டும். அப்போது எந்த பஜ்ஜியை யார் நினைவு வைத்திருக்கப் போகிறார்கள்?

நெதர்லாந்திலிருந்து வெளிநாடு போய்வந்த சுமார் 2,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. கிளம்பும்போது ஈ.எஸ்.பி.எல் கிருமி இல்லாமல் போனவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அதைச் சுமந்து திரும்பினார்கள். தெற்காசியாவுக்கு வந்து போனவர்களில் நான்கில் மூன்று பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு அது ஓரிரு மாதத்தில் மறைந்தது. சிலரிடம் ஓராண்டு கழித்தும் இருந்தது. பயணத்தின்போது ஆன்டிபயாடிக் விழுங்கியவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்பதையும் அந்த ஆய்வு கண்டது. சில வாரம் வந்து போகிறவர்களின் கதை இது. இங்கேயே பிறந்து, இங்கேயே மூன்று வேளையும் சாப்பிடுகிற நமக்குத் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டுமா என்ன.

கடற்கரையை விட்டு பாரதி சாலைக்குள் நுழைந்தோம். நடந்துகொண்டே டாக்டர் பிளாஸ்மிட் பற்றிச் சொன்னார். கிருமியின் முக்கிய மரபுச் சரடுக்கு வெளியே தனியாகச் சுற்றும் சின்ன டி.என்.ஏ வளையம் அது. மருந்தை முறிக்கும் வித்தை பெரும்பாலும் அதில்தான் எழுதியிருக்கும். பரீட்சை ஹாலில் பிட்டு கைமாறுகிற மாதிரி, ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்கு அதைத் தள்ளிவிடும். பக்கத்தில் இருப்பது வேறு இனமாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளும். அதனால் ஒரு சட்னி வாளியில் நோய் உண்டாக்காத கிருமிதான் இருந்தது என்று நிம்மதி அடைய முடியாது. அது வைத்திருக்கும் பிட்டு நம் குடலில் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

"வண்டிக்காரன் கிருமியைக் குடுக்கறான், சரி. அந்தக் கிருமிக்கு வித்தை கத்துக் குடுத்தது யாரு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு ஜாம் பஜாரைக் காட்டினார்.

கோழிக் கடையில் ஒரே மரக்கட்டை, ஒரே கத்தி. வெட்டுகிறவரின் கைவேகம் பார்க்க அழகாக இருந்தது. இங்கிருந்து மசாலா தடவிய துண்டுகள் சில்லி சிக்கன் வண்டிகளுக்குப் போகின்றன. அங்கே பச்சைக் கறியைத் தொட்ட கைதான் வெங்காயத்தையும் தூவும். கோழிப் பண்ணைகளில் நோய் வந்தால் மட்டுமல்ல, வராமல் இருக்கவும், எடை கூடவும் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கம் வெகுகாலமாக உண்டு. டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-ல் தலைநகர் வட்டாரத்தில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தபோது 40 விழுக்காட்டில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. கொலிஸ்டின் கதை இன்னும் மோசம். சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று மருத்துவர்கள் ஒதுக்கி வைத்திருந்த பழைய மருந்து. மெரோபெனெமும் தோற்ற பிறகு வேறு வழியில்லாமல் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அதைத் திரும்ப எடுத்தார்கள். அதைத்தான் பண்ணைகளில் கோழிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கொலிஸ்டினை முறிக்கும் எம்.சி.ஆர்-1 மரபணு பிளாஸ்மிட்டில் ஏறி ஊர் சுற்றுவதை 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பன்றி, கோழிக்கறி, நோயாளி என்று மூன்று இடத்திலும் கிடைத்தது. இந்தியா 2019 ஜூலையில் கால்நடைகளுக்கும் கோழிக்கும் மீன் வளர்ப்புக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தது. சென்னையில் வாங்கிய இறைச்சி, மீன், காய், பழங்களிலேயே அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் இருந்ததை மருத்துவர் அப்துல் கஃபூரும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினரும் ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள்.

காயிலும் பழத்திலும் எப்படி? கோழி எரு வயலுக்குப் போகிறது. புதினா, கொத்தமல்லிக் கட்டுகள் வேரும் மண்ணுமாக வருகின்றன. நான் நின்றிருந்த இடத்தில் ஒரு பாட்டி, கீரை வாடாமல் இருக்க டப்பாத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தார். பானி பூரிப் பச்சைத் தண்ணீரின் முதல் ஊர் இது. அடுப்பையே பார்க்காமல் இந்தப் புதினா நேராக மிக்ஸிக்குப் போகும்.

இன்னொரு வழி சாக்கடை. மெரோபெனெம் வகையையே முறிக்கும் என்.டி.எம்-1 நொதியைச் சுமந்த கிருமிகள் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதைச் சொன்ன 2010-ம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையில் மட்டும் 44 கிருமிகள். பெயரில் 'நியூ டெல்லி'யை (என்.டி.) ஏன் சேர்த்தார்கள் என்றுதான் நாம் அப்போது அதிகம் சண்டை போட்டோம். மறு ஆண்டு ஒரு குழு டெல்லித் தெருக்களில் தேங்கியிருந்த நீரையும் குழாய்நீரையும் சோதித்தது. தேங்கிய நீர் 171 மாதிரிகளில் 51-லும், குழாய்நீர் 50-ல் 2-லும் அந்த நொதிக்கான மரபணு கிடைத்தது. தட்டு கழுவும் பக்கெட்டுக்கு வரும் தண்ணீர் எந்தக் குழாயில் வருகிறது, அந்தக் குழாய் எந்தச் சாக்கடையை உரசிக்கொண்டு போகிறது என்று பஜ்ஜிக் கடை அம்மாவால் கண்டுபிடிக்க முடியுமா? தண்ணீரும் சாக்கடையும் கலந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாகிஸ்தானின் சிந்து மாகாணம் சாட்சி. 2016-ல் அங்கே ஹைதராபாத் நகரில் கிளம்பிய டைஃபாய்டு, வழக்கமான மருந்துகளோடு செஃப்ட்ரியாக்சோனையும் முறித்தது. நோயாளிகளுக்குக் கொடுக்க மாத்திரையில் அசித்ரோமைசின் மட்டுமே மிஞ்சியது.

திரும்பி வரும் வழியில் டீ குடித்தோம். கொதிக்கக் கொதிக்க. டம்ளரையும் வெந்நீரில் அலசச் சொல்லி வாங்கினார் டாக்டர். பக்கத்தில் ஒரு மருந்துக் கடை. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கியிருக்கும் பையன் போலிருக்கிறது, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, லூஸ் மோஷனுக்கு மாத்திரை குடுங்க."

கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. சிவப்புக் கோடு போட்ட அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளைக் கத்தரித்து வைத்தார். ஃப்ளோக்சசின் வகை ஆன்டிபயாடிக் ஒன்றும் ஓர் ஒட்டுண்ணி மருந்தும் சேர்ந்த கலவை அது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பதைச் சொல்லத்தான் அந்தச் சிவப்புக் கோடு. நான்கு மாத்திரைகள் குடலில் சாதுக் கிருமிகளைத் துடைத்துவிட்டு, அடங்காதவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கும். சட்னியில் வந்தது ஒன்றிரண்டாக இருந்தாலும் பெருகுவது இந்தக் கல்லாவுக்குப் பிறகுதான்.

டாக்டர் பையனிடம் காய்ச்சல் இருக்கிறதா, மலத்தில் ரத்தம் போகிறதா என்று விசாரித்தார். இரண்டும் இல்லை. "அப்ப இது வேணாம் தம்பி. ஓ.ஆர்.எஸ். குடிங்க. ரத்தம் போனாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டர்கிட்ட போங்க." கடைக்காரர் அரைமனதாக ஒரு பாக்கெட்டைத் தேடி எடுத்தார்.

"முழு பாக்கெட்டையும் ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கணும். பாதி பாதியாப் போடக் கூடாது" என்றார் டாக்டர்.

"எந்தத் தண்ணி மேடம்?"

"கொதிக்க வச்சு ஆறினது."

"மேன்ஷன்ல அடுப்பு வைக்க விட மாட்டாங்க மேடம்."

கடைக்காரர் பின்னால் இருந்த ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றை எடுத்து, பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இது இருபது ரூபா. மாத்திரை வேணுமா, வேணாமா? சொல்லு தம்பி, பின்னால ஆள் நிக்கறாங்க."